350 வோர்டெக் ஹெட், 0.510 லிஃப்ட் ரோலர் கேம்: எந்த வால்வ் ஸ்பிரிங் போடலாம்?

கேள்வி – சி1500_97

வணக்கம். 1997 செவி சி1500, 5.7 லிட்டர் வோர்டெக் எஞ்சின் (எல்31). ஹெட் இரண்டையும் கழற்றி மேசையில் வைத்திருக்கிறேன். ஹெட்டில் லேத்து வேலை இன்னும் எதுவும் செய்யவில்லை.

வாங்கியிருக்கும் கேம் ஹைட்ராலிக் ரோலர். 0.050-இல் டியூரேஷன் 218/224, லோப் செப்பரேஷன் 112. 1.5 ராக்கரோடு (கேமின் தூக்கலை 1.5 மடங்காக்குவது) இன்டேக் லிஃப்ட், அதாவது வால்வ் திறக்கும் தூரம், 0.500 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.510. தினமும் ஓட்டும் வண்டி, எப்போதாவது 5800 ஆர்பிஎம் வரை போகும்.

கேட்டலாகில் மூன்று ஸ்பிரிங் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஏ: சிங்கிள் ஸ்பிரிங், உள்ளே டாம்பர். வெளிவிட்டம் 1.250. 1.700 உயரத்தில் 110 பவுண்டு. ரேட் அங்குலத்துக்கு 330 பவுண்டு. காயில் பைண்ட் (காயில்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் உயரம்) 1.160. "0.500 லிஃப்ட் வரை" என்று போட்டிருக்கிறது.

பி: டபுள் ஸ்பிரிங், வெளிவிட்டம் 1.460. 1.800-இல் 130 பவுண்டு. ரேட் 400. காயில் பைண்ட் 1.150. "0.600 வரை".

சி: பீஹைவ், அடிப்பக்கம் 1.290. 1.800-இல் 105 பவுண்டு. ரேட் 313. காயில் பைண்ட் 1.085. "0.650 வரை".

ஏ எல்லையில் நிற்கிறது, அது புரிகிறது. பி, சி இரண்டுமே என் லிஃப்டைத் தாண்டியவை. இருப்பதில் பி-தான் பலமானது, அதைப் போட்டால் வால்வ் ஃப்ளோட் (அதிக ஆர்பிஎம்மில் வால்வ் கேமைப் பின்தொடராமல் மிதப்பது) பயமே இருக்காது என்று நினைக்கிறேன். சரிதானா?

---

பதில் – ஹெட்பெஞ்ச்

"இத்தனை லிஃப்ட் வரை" என்று கேட்டலாகில் இருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கேட்டலாகில் போட்டிருக்கும் உயரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். பி, சி இரண்டுக்கும் எண்கள் 1.800-இல் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் வோர்டெக் ஹெட்டில் இன்ஸ்டால்டு ஹைட் ஏறக்குறைய 1.700. அந்த 0.100 அங்குலம் குறைந்தாலே எல்லாக் கணக்கும் மாறிவிடும்.

கணக்கு எளிது. வால்வ் மூடியிருக்கும்போது ஸ்பிரிங்கின் உயரம் 1.700. அதிலிருந்து லிஃப்டைக் கழித்தால் முழுக்கத் திறந்த உயரம். எக்ஸாஸ்ட்தான் அதிக லிஃப்ட், அதனால் 1.700 – 0.510 = 1.190. இதற்கும் காயில் பைண்டுக்கும் நடுவே 0.060 அங்குலம், அதாவது 60 தௌ, மிச்சம் வேண்டும். 50 தௌவுக்குக் கீழே இறங்கவே கூடாது.

ஏ: 1.190 – 1.160 = 0.030. ஆகாது. இன்டேக்கிலும் 40 தௌதான் மிஞ்சுகிறது. காயில் மேல் காயில் உட்கார்ந்துவிட்டால் வால்வ் அதற்கு மேல் இறங்காது, ஆனால் கேம் தள்ளுவதை நிறுத்தாது. புஷ்ராடு வளையும், ராக்கர் உடையும், ஸ்டட் பிடுங்கிக்கொண்டு வரும். எது பலவீனமோ அது முதலில் போகும்.

பி: உயரம் 0.100 குறைவதால் சீட் லோடு (வால்வ் மூடியிருக்கும்போது உள்ள அழுத்தம்) 130 + 40 = 170 பவுண்டு. முழு லிஃப்டில் 170 + (0.510 × 400) = 374 பவுண்டு. மிச்சம் 1.190 – 1.150 = 0.040. அதாவது "0.600 வரை" என்று எழுதியிருக்கும் ஸ்பிரிங்குக்கு உங்கள் ஹெட்டில் 0.510-க்கே இடம் போதவில்லை.

சி: சீட் லோடு 105 + 31 = 136. ஓப்பன் லோடு (முழு லிஃப்டில்) 136 + 160 = 296. மிச்சம் 0.105. தெருவில் ஓடும் ஹைட்ராலிக் ரோலருக்கு சீட்டில் 115 முதல் 135, திறந்த நிலையில் 280 முதல் 340 என்பது நல்ல வரம்பு. சி சீட்டில் ஒரு பவுண்டு மட்டும் தாண்டினாலும் ஏறக்குறைய அதற்குள் வந்துவிடுகிறது.

இன்னொன்று. கேமோடு வந்த கேம் கார்டை எடுத்துப் பாருங்கள். அதில் சிபாரிசு செய்யும் ஸ்பிரிங்கின் சீட் லோடு, ஓப்பன் லோடு இருக்கும். லிஃப்ட் ஒன்றாகவே இருந்தாலும் லோப் எவ்வளவு வேகமாக வால்வைத் தூக்குகிறது, எவ்வளவு வேகமாக மூக்கைத் தாண்டி இறக்குகிறது என்பதைப் பொறுத்து ஸ்பிரிங் தேவை மாறும். வேகமான ரேம்ப் உள்ள லோபுக்கு 136 போதாமல் போகலாம், மென்மையான லோபுக்கு 115-ஏ போதும். கேம் செய்தவர் கொடுத்த லோடுதான் முதல் அளவுகோல். ஸ்பிரிங் கடைக்காரர் சொல்வது அதற்கு அப்புறம்.

---

பதில் – கைடு_கட்டர்

ஸ்பிரிங் கணக்கை ஹெட்பெஞ்ச் முடித்துவிட்டார். வோர்டெக் ஹெட்டில் இதைவிட முதலில் மாட்டுவது ரிடெய்னர், அதாவது ஸ்பிரிங்கின் மேல் முனையை வால்வ் தண்டோடு பிடிக்கும் தட்டு.

ஃபேக்டரி வோர்டெக்கில் வால்வ் கைடு (வால்வ் தண்டு ஓடும் குழல்) உயரமானது. அதன் மேல் சீல் உட்கார்ந்திருக்கிறது. லிஃப்ட் 0.460 – 0.475 பக்கம் வரும்போதே ரிடெய்னரின் அடிப்பகுதி சீலின் தலையில் போய் இடித்துவிடும். ஸ்பிரிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதை அது சரிசெய்யாது. முதலில் சீல் கிழியும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வரும். அப்புறம் லாக் (ரிடெய்னரைத் தண்டில் பூட்டும் துண்டு) தளர்ந்து வால்வ் சிலிண்டருக்குள் விழவும் வாய்ப்பு உண்டு.

அளப்பது இப்படி. வால்வை உள்ளே விட்டு, புதிய சீலைப் போட்டு, ஸ்பிரிங் இல்லாமல் புதிய ரிடெய்னரையும் லாக்கையும் மாட்டுங்கள். ரிடெய்னரை மேலே நன்றாக இழுத்துப் பிடித்தால்தான் லாக் சரியாக உட்காரும். லேசாகப் பிடித்து அளந்தால் 10, 15 தௌ தப்பு வரும். அந்த நிலையில் ரிடெய்னரின் அடியிலிருந்து சீலின் மேல் விளிம்பு வரை எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். உங்கள் லிஃப்ட் 0.510, அதோடு 0.050 பாதுகாப்பு. ஆக 0.560 வேண்டும்.

அதே நேரத்தில் இன்ஸ்டால்டு ஹைட்டையும் அளந்துவிடுங்கள். ஸ்பிரிங் உட்காரும் ஹெட் தளத்திலிருந்து, ரிடெய்னரில் ஸ்பிரிங்கின் மேல் முனை தொடும் படி வரை. ஹைட் மைக்ரோமீட்டர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் டெலஸ்கோப்பிங் கேஜ் போதும். பழைய ரிடெய்னரில் அளந்த எண்ணை பீஹைவ் ரிடெய்னருக்குப் பயன்படுத்தாதீர்கள். படியின் ஆழம் வேறு. பதினாறு வால்வையும் அளக்க வேண்டும், ஒன்றை அளந்துவிட்டு மற்றதெல்லாம் அப்படித்தான் என்று நினைக்கக் கூடாது.

கைடைக் குறைப்பதற்கு, கைடு துளைக்குள் பைலட் போய் உட்காரும் கட்டர் கிடைக்கும். வெளிவிட்டத்தை சீல் அளவுக்குக் கடைந்து, உயரத்தையும் ஒரே தடவையில் குறைக்கும். ஹெட் கையில் இருக்கிறபோதே செய்துவிடுங்கள். இரும்புத் தூள் போர்ட்டிலும் ஆயில் வழியிலும் போயிருக்கும், சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவாமல் மாட்டக் கூடாது.

பி-க்கு வேண்டிய 1.460 சீட்டைக் கடைய வேண்டாம் என்பதும் என் கருத்து. வோர்டெக்கில் ஸ்பிரிங் சீட்டுக்கு அடியில் வார்ப்பு கனமில்லை, அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிறது. ஆழம் கொஞ்சம் தவறினால் ஹெட்டே போய்விடும்.

---

பதில் – புஷ்ராடு

"பலமான ஸ்பிரிங் போட்டால் பயமில்லை" என்ற எண்ணத்தைத்தான் முதலில் விட வேண்டும். 374 பவுண்டு என்பது வால்வ் முனையில். 1.5 ராக்கரில் லிஃப்டர் பக்கம் அது ஏறக்குறைய 560 பவுண்டாகும். ராக்கர் உட்காரும் ஸ்டட் இந்த இரண்டின் கூட்டுத்தொகையைத் தாங்க வேண்டும், 900-ஐத் தாண்டுகிறது. உங்கள் ஹெட்டில் இருப்பது 3/8 பிரஸ்-இன் ஸ்டட், இரும்பில் அடித்து இறக்கியது. ஓப்பன் லோடு 300 பவுண்டுக்கு மேல் போனால் அது மெதுவாக மேலே ஏற ஆரம்பிக்கும். வால்வ் சத்தம் வரும், நீங்கள் அட்ஜஸ்ட் செய்வீர்கள், மறுபடி சத்தம் வரும். சி போட்டாலும் எல்லையில்தான் நிற்கிறீர்கள். ஹெட் கடைக்குப் போகும்போதே துளையில் 7/16 மரை போட்டு ஸ்க்ரூ-இன் ஸ்டட் இறக்கச் சொல்லுங்கள். அறுகோணத் தலை உள்ள ஸ்டட் என்றால் பாஸின் (ஸ்டட் இறங்கும் மேடு) உயரத்தை அந்தத் தலையின் கனத்துக்கு மில் செய்ய வேண்டும். தலை இல்லாத வகைக்கு அது தேவையில்லை.

வோர்டெக் ராக்கர் செல்ஃப் அலைனிங் வகை. அதையே வைத்துக்கொண்டால் கைடு பிளேட் போடக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று இழுத்துச் சண்டை போட்டு வால்வ் முனையைத் தின்றுவிடும். சாதாரண ரோலர் ராக்கருக்கு மாறினால் கைடு பிளேட் கட்டாயம், அதோடு கடினமாக்கிய புஷ்ராடும் கட்டாயம்.

ஸ்பிரிங் தேவைக்கு மேல் போனால் ஹைட்ராலிக் லிஃப்டருக்கும் கெடுதல். உள்ளே இருக்கும் எண்ணெயைப் பிழிந்து பிளஞ்சர் கீழே இறங்கிவிடும், லிஃப்ட் குறையும், சத்தம் வரும்.

பீஹைவ் ஏன் வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேல் முனை குறுகலாக இருப்பதால் ரிடெய்னர் சின்னது. வால்வ் பக்கம் அசையும் எடை குறைகிறது, குறைந்த லோடிலேயே அதே ஆர்பிஎம் வரை வால்வைக் கட்டுப்படுத்த முடிகிறது. இரண்டாவது, காயிலின் விட்டம் மேலே போகப் போக மாறுவதால் ஸ்பிரிங் முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் குதிப்பதில்லை. சாதாரண நேர் ஸ்பிரிங்கில் கேமின் அசைவு அந்த அதிர்வெண்ணோடு பொருந்தும் ஆர்பிஎம்மில் காயில்கள் அலை அலையாக ஓடும், அந்த நொடியில் வால்வுக்குக் கிடைக்கும் லோடு குறைந்துவிடும். அதைத் தடுக்கத்தான் ஏ-யில் உள்ளே டாம்பர், பி-யில் இரண்டாவது ஸ்பிரிங். இரண்டும் உரசித்தான் வேலை செய்கின்றன, உரசினால் சூடு வரும்.

ஒரு கவனம்: எல்எஸ் எஞ்சினுக்கான (செவியின் அடுத்த தலைமுறை வி8) பீஹைவ் செட்டை ரிடெய்னரோடு வாங்கிவிடாதீர்கள். எல்எஸ் வால்வ் தண்டு 8 மி.மீ. உங்களுடையது 11/32, ஏறக்குறைய 8.7 மி.மீ. ஸ்பிரிங் பொருந்தலாம், லாக்கும் ரிடெய்னரும் 11/32 தண்டுக்கென்று தனியாக எடுக்க வேண்டும். லாக் 7 டிகிரி என்றால் ரிடெய்னரும் 7 டிகிரி. 10 டிகிரியோடு கலந்தால் பிடிக்காது.

---

கேட்டவர் – சி1500_97

மூவருக்கும் நன்றி. பி-யை விட்டுவிட்டேன். சி வாங்கி, 11/32 ரிடெய்னரும் 7 டிகிரி லாக்கும் போட்டு அளந்தேன்.

இன்டேக் எட்டும் 1.698 முதல் 1.712-க்குள். எக்ஸாஸ்ட்டில் ஆறு 1.695 முதல் 1.706 வரை. மீதி இரண்டு மட்டும் 1.722, 1.724. ரிடெய்னருக்கும் சீலுக்கும் நடுவே எல்லாவற்றிலும் குறைந்தது 0.480.

கைடை எவ்வளவு கடையட்டும்? பின்னாளில் 1.6 ராக்கர் போடும் எண்ணம் உண்டு. அதற்கும் இதே ஸ்பிரிங் தாங்குமா?

---

பதில் – ஹெட்பெஞ்ச்

1.6 போட்டால் இன்டேக் 0.533, எக்ஸாஸ்ட் 0.544. திறந்த உயரம் 1.156, காயில் பைண்டுக்கு மிச்சம் 71 தௌ. ஓப்பன் லோடு 307 பவுண்டு பக்கம். ஸ்பிரிங் தாங்கும். ஸ்க்ரூ-இன் ஸ்டட் இல்லாமல் மட்டும் போகாதீர்கள்.

கைடு: 0.510-க்கு 80 தௌ கடைந்தால் போதும். 1.6-ஐ மனதில் வைத்தால் 0.544 + 0.050 = 0.594 வேண்டும். இப்போதே 120 தௌ எடுத்துவிடுங்கள், இடைவெளி 0.600 ஆகும். கடைந்தபின் போடும் புதிய சீல் பழையதைவிட உயரமாக இருந்தால் இந்தக் கணக்கு தப்பும், அதனால் சீலை இறக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும்.

உயரம்: 1.722, 1.724 இரண்டுக்கும் அடியில் 15 தௌ ஷிம் ஒன்று போடுங்கள். 1.707, 1.709 ஆகிவிடும். இப்போது இருக்கும் 29 தௌ வித்தியாசத்தில் சீட் லோடு 9 பவுண்டு மாறுகிறது, ஷிம் போட்ட பிறகு 17 தௌ, 5 பவுண்டு. அதற்கு மேல் துரத்த வேண்டாம். ஷிம்மின் ரம்பப் பல் உள்ள பக்கம் ஹெட்டைப் பார்த்து இருக்க வேண்டும். ஸ்பிரிங் பக்கவாட்டில் நகராமலிருக்க லொக்கேட்டர் கப் போடுவதாக இருந்தால் அதன் கனம் உயரத்திலிருந்து கழியும், அப்போது உயரத்தையும் காயில் பைண்ட் மிச்சத்தையும் மறுபடி கணக்கிட வேண்டும்.

அந்த இரண்டு எக்ஸாஸ்ட்டையும் இன்னொரு தடவை பாருங்கள். உயரம் அதிகம் என்றால் வால்வ் சீட்டை யாரோ முன்பு அதிகமாக அரைத்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் அர்த்தம். வால்வ் மேலே ஏறி நிற்கும், தண்டின் முனையும் ஏறியிருக்கும். ஒரு நேர் விளிம்பை எட்டு முனைகளின் மேலும் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

---

பதில் – புஷ்ராடு

1.6 பற்றி இரண்டு விஷயம். ராக்கரில் புஷ்ராடு குழி ஸ்டட்டுக்குக் கிட்டே வந்துவிடுவதால் புஷ்ராடு சாய்ந்து, ஹெட்டில் உள்ள துளையின் ஓரத்தில் உரசும். முழு லிஃப்டில் வைத்துப் பாருங்கள். ராக்கரின் நீளத்துளை ஸ்டட்டைத் தொடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம், இரண்டு முனையிலும் 60 தௌ இருக்க வேண்டும். பீஹைவ் ரிடெய்னர் சின்னது என்றாலும் ராக்கர் உடலின் அடிப்பக்கம் அதில் படாமல் 40 தௌவாவது தள்ளியிருக்க வேண்டும்.

பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி இன்டேக்கில் 80 தௌ, எக்ஸாஸ்ட்டில் 100 தௌ. இது முழு லிஃப்டில் அல்ல, டிடிசி-க்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) பக்கத்தில்தான் இறுக்கமாக வரும். இன்டேக்குக்கு டிடிசி தாண்டி 10 டிகிரி, எக்ஸாஸ்ட்டுக்கு டிடிசி-க்கு முன் 10 டிகிரி பக்கம். அங்கே வால்வ் 0.100 திறந்திருந்தால் 1.6-இல் அது 0.107 ஆகும், அவ்வளவுதான். முழு லிஃப்டில் கூடும் 34 தௌவை இங்கே கழித்துப் பயப்பட வேண்டாம். அளக்கும்போது உண்மையான ஸ்பிரிங்கைப் போடாதீர்கள், லிஃப்டர் அமுங்கிப் பொய் அளவு காட்டும். கையால் அமுக்கக் கூடிய மென்மையான செக்கிங் ஸ்பிரிங் போட்டு, டயல் கேஜ் வைத்து, வால்வைப் பிஸ்டன் தொடும்வரை தள்ளிப் பாருங்கள்.

---

இடையில் ஒரு கேள்வி – பழைய_350

என்னுடையது எழுபதுகளின் டிரக் ஹெட், ஃபிளாட் டேப்பெட் ஹைட்ராலிக் கேம், லிஃப்ட் 0.480. நானும் இதே சி-யைப் போடலாமா?

---

பதில் – கைடு_கட்டர்

அப்படியே போடாதீர்கள். ஃபிளாட் டேப்பெட்டில் லோபும் லிஃப்டரும் உரசியே வேலை செய்கின்றன. சீட்டில் 100 முதல் 115, திறந்த நிலையில் 260 முதல் 290 போதும். சி 1.700-இல் 136 கொடுக்கும், ரன்-இன் முடியாத புது கேமுக்கு அது அதிகம். அந்த லிஃப்டுக்கு ஏ உங்களுக்குச் சரியாக வரும்: திறந்த உயரம் 1.220, மிச்சம் 60 தௌ, ஓப்பன் லோடு 268. ஆனால் உயரம் 1.700 இருக்கிறதா என்று அளந்த பிறகு. பழைய டிரக் ஹெட்டுகளில் எக்ஸாஸ்ட்டில் ரொட்டேட்டர் இருக்கும், அது உயரத்தைத் தின்னும். அதைக் கழற்றி, இன்டேக் போலவே ரிடெய்னர் போட்டு உயரத்தை ஷிம்மால் சரிசெய்யுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2000 – 2500 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் ஓட வேண்டும். லோப் மேல் தெறிக்கும் எண்ணெய்தான் அதைக் காப்பாற்றுகிறது, ஐடிலில் அது போதாது. ஸிங்க் அதிகமுள்ள பிரேக்-இன் எண்ணெய் போடுங்கள்.

---

பதில் – ஹெட்பெஞ்ச்

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை. ஸ்பிரிங்கைப் பிளையர் கொண்டு பிடிக்காதீர்கள், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். காயிலில் நகக் கீறல் அளவுக்கு ஒரு வெட்டு விழுந்தாலும் பின்னர் உடைவது அந்த இடத்தில்தான். துருத் தடுப்புப் பூச்சைக் கரைப்பானில் கழுவிய கையோடு எஞ்சின் எண்ணெயில் முக்கி வையுங்கள், காய விடாதீர்கள்.

பதினாறையும் டெஸ்டரில் வைத்து 1.700-இலும் 1.190-இலும் லோடு எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஸ்பிரிங் எந்த வால்வில் போனது என்பதையும் குறித்து வையுங்கள். புது ஸ்பிரிங் முதல் சில தடவை சூடாகி ஆறும்போது 5 முதல் 10 பவுண்டு இழப்பது இயல்பு, 136 என்பது 128-இல் வந்து நின்றால் கவலை இல்லை. முதல் ஓட்டத்தில் எஞ்சினைச் சூடாக்கி, அதிக ஆர்பிஎம் இல்லாமல் வைத்து, முழுதாக ஆறவிட்டு அதற்கு அப்புறம் ஓட்டுங்கள். பின்னால் ஒரு நாள் 5000-க்கு மேல் இழுவை திடீரென்று நின்று, மிஸ்ஃபயர் போல முரட்டுத்தனமாகக் கேட்டால் இக்னிஷனைப் பார்த்த கையோடு ஸ்பிரிங்கையும் அளந்து பாருங்கள். குறித்து வைத்த எண்ணிலிருந்து பத்து சதவீதம் குறைந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

அப்போது ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. அந்தச் சிலிண்டரை டிடிசி-க்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாக 90 பிஎஸ்ஐ காற்று விட்டால் வால்வ் மூடியபடியே நிற்கும். காற்று விடுவதற்கு முன் கிராங்க் போல்ட்டில் மாட்டிய ஸ்பேனரை எடுத்துவிடுங்கள். பிஸ்டன் சரியாக டிடிசி-யில் இல்லையென்றால் எஞ்சின் சுழன்று ஸ்பேனர் கையில் அடிக்கும். ரிடெய்னரில் ரப்பர் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டிய பிறகு ஸ்பிரிங் கம்ப்ரெஸரை வைத்தால் ஒட்டியிருக்கும் லாக் சுலபமாக விடுபடும். பக்கத்தில் இருக்கும் எண்ணெய் வடிகால் துளைகளை முதலிலேயே துணியால் அடைத்துவிடுங்கள். லாக் ஒன்று அதற்குள் போனால் ஆயில் பேனைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.